சைக்கிள் பம்பும் எட்டு எலும்புச் சாரங்களும்: திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகக் கோவைக்கு

2008 டிசம்பர் ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை 6.10 மணிக்கு மதுரை ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் பேருந்தில் ஏறினேன். கட்டணம் 21 ரூபாய். ஒரு நாளில் போய்த் திரும்பிவிடும் எண்ணம்தான். தோள்பையில் ஒரு துண்டும் ஒரு குறிப்பேடும் மட்டும் இருந்தன. மறுநாள் இரவு வீடு திரும்பியபோது அந்தத் துண்டு எனக்கு மாற்று வேட்டியாகவும் உழைத்து முடித்திருந்தது.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1996இல் நத்தம் சாலையில் ஸ்கூட்டரோடு விழுந்து வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கியது. நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு எலும்பே இல்லை. மருத்துவர் என் இடுப்பிலிருந்து கொஞ்சம் வெட்டி எடுத்து அங்கே நிரப்பினார். கால் நான்கு மாதத்தில் சரியானது. இடுப்பு இரண்டு வருடம் வலித்தது. திண்டுக்கல்லில் ஒரு பொறியியல் கல்லூரியில் அப்படி வெட்டாமலே இடைவெளியை நிரப்பும் பொருளை அச்சடித்து எடுக்கிறார்கள் என்று ஒரு நண்பர் சொன்னதும், ஓய்வு பெற்ற நிருபருக்கு வேறென்ன வேலை, கிளம்பிவிட்டேன்.

65 கிலோமீட்டர். வாடிப்பட்டி தாண்டியதும் மழை ஈரத்தில் சிறுமலை நன்றாகத் தெரிந்தது. 7.50க்குத் திண்டுக்கல் பேருந்து நிலையம். இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி, 19 ரூபாய். நகரப் பேருந்தில் கல்லூரி வாசல் வரை 3 ரூபாய். 8.45க்கு ஆய்வகத்துக்குள் இருந்தேன்.

அங்கே இருவர். ஆய்வை நடத்தும் ஜெசிந்தாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஊர் தாடிக்கொம்புப் பக்கம், குடும்பத்துக்குப் பூ விவசாயம். அவருக்குத் துணையாகக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் முருகேசன் ரெட்டியார்சத்திரத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர். ஒரு பழைய துளையிடும் இயந்திரத்தை இருவருமாகப் பிரித்து அச்சு இயந்திரமாக மாற்றியிருந்தார்கள். எலும்பில் இருக்கும் அதே சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் கலந்த மாவைக் குழைத்து ஊசிக்குழலில் அடைக்கிறார்கள். கணினி சொல்லும் வழியில் குழல் நகர்ந்து மெல்லிய இழையாகப் பிழிகிறது. இடியாப்பம் பிழிவதுபோலத்தான். ஆனால் கோணல்மாணலாக இல்லாமல் ஒரு அடுக்கு கிழக்கு மேற்காக, அடுத்தது வடக்குத் தெற்காக. காய்ந்ததும் உலையில் 1250 பாகையில் சுட்டு எடுத்தால் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு வெள்ளைத் துண்டு. உள்ளெல்லாம் சின்னச் சின்ன சன்னல்கள். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல இதை உடைந்த இடத்தில் வைத்தால், சன்னல்கள் வழியே ரத்தக் குழாய்கள் நுழைந்து, உடம்பே எலும்பை வளர்த்துக்கொள்ளுமாம். சாரம் மெல்ல மெல்லக் கரைந்துபோகும்.

சிக்கல் பலத்தில். சுட்ட மண் எப்படியோ அப்படித்தான் இதுவும். அழுத்தினால் தாங்கும், தாங்கும், திடீரென்று பொடியாகிவிடும். ஏறத்தாழ பதினைந்து கிலோவில் நொறுங்கியது. குறைந்தது முப்பத்தைந்து கிலோ தாங்க வேண்டும் என்பது பண உதவி தரும் குழுவின் நிபந்தனை. அதனால் விலங்குகளின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கும் ஜெலட்டினை வெந்நீரில் கரைத்து, துண்டை அதில் மூழ்கடித்து, உள்ளே இருக்கும் காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். காற்று போன இடத்துக்கு ஜெலட்டின் போய், இழைகளுக்குள் இருக்கும் நுண்ணிய வெடிப்புகளில் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. முதல் தடவை அப்படிச் செய்தபோது துண்டு அறுபது கிலோ தாங்கியதாம். பாராட்டத்தானே வேண்டும் என்றேன். ஜெசிந்தா சிரித்தார்.

“பலம் மட்டும் போதும்னா அம்மிக்கல்லையே உள்ள வச்சுத் தச்சிரலாம் சார். சன்னல் பூராம் அடைச்சுப்போச்சு. எலும்பு எங்குட்டுப் போயி வளரும்?”

ஆக, ஜெலட்டின் உள்ளே போகவும் வேண்டும், சன்னல்களில் தங்காமல் வெளியேறவும் வேண்டும். அதற்கு ஒரு சிறிய சுழல் இயந்திரம் வைத்திருந்தார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குக் கோவையில் ஒரு சோதனைக்கூடத்தில் ஆறு துண்டுகளை அழுத்திப் பார்க்க நேரம் ஒதுக்கியிருந்தார்கள். மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த நேரம். ஆறில் குறைந்தது நான்கு, சன்னல் திறந்த நிலையில், முப்பத்தைந்து கிலோ தாங்கினால் ஆய்வு தொடரும். இல்லாவிட்டால் அந்த மார்ச்சோடு மூடிவிட்டு ஜெசிந்தா வகுப்பு எடுக்கப் போக வேண்டியதுதான். கையில் சுட்ட துண்டுகள் எட்டு. ஜெலட்டின் ஏற்றிய பின் அவை கெட்டிப்படுத்தும் கரைசலில் பதினாறு மணி நேரம் ஊற வேண்டும். அன்று மாலை நாலுக்குள் ஊறப்போட்டால்தான் காலையில் எடுக்க முடியும்.

9.00 மணிக்கு முருகேசன் பம்பை ஓடவிட்டார். 9.04க்கு மின்சாரம் போனது.

அந்த வருடம் தமிழ்நாட்டில் இருந்த யாருக்கும் மின்வெட்டு புதிதல்ல. அவர்கள் பகுதிக்குத் தினமும் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை. அதற்குத் தக்கபடி வேலையை நிமிடக் கணக்கில் திட்டமிட்டிருந்தார்கள். ஆனால் இது அந்த வெட்டு அல்ல. துணை மின்நிலையத்தில் மாதாந்தரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. தினசரி வெட்டை மனப்பாடமாக வைத்திருந்த இருவரும் மாதம் ஒருமுறை வருவதை மறந்துவிட்டார்கள். அன்றைய நாளிதழில் அறிவிப்பு இருந்திருக்கிறது. அந்த நாளிதழை ஆரப்பாளையத்தில் வாங்கி வாடிப்பட்டிவரை வரி விடாமல் படித்துக்கொண்டு வந்தவன் நான். முப்பது வருடம் செய்தி அறையில் அந்தச் சின்னக் கட்டத்தை ‘இன்று மின்தடை’ என்று தலைப்பிட்டுப் பக்கத்தின் அடியில் தள்ளியவனும் நான்தான். என் பையிலிருந்து அதை எடுத்துப் படித்துக் காட்டியபோது முருகேசன் என்னையே பார்த்தார். பார்த்த பார்வை போதுமானதாக இருந்தது.

கல்லூரியின் ஜெனரேட்டர் தேர்வுக் கூடத்துக்கு மட்டும். அன்று பருவத் தேர்வு. பக்கத்துக் கடைகளிலும் மின்சாரம் இல்லை. அப்போதுதான் முருகேசன் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மண்டியில் வேலை செய்யும் தன் மைத்துனர் மயில்சாமியை நினைத்தார். அது வேறு துணை மின்நிலையம். கோவைக்குப் போகும் வழியும் அதுதான். தொலைபேசியில் கேட்டார். மின்சாரம் இருக்கிறது, தாராளமாக வரலாம் என்றார் மயில்சாமி. எவ்வளவு நேரம் இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

ஜெலட்டின் கரைசல் ஒரு பெரிய வெந்நீர்க் குடுவையில். எட்டுத் துண்டுகளும் பஞ்சு வைத்த டிபன் டப்பாவில். இறுக்கமான மூடியில் ரப்பர் குழாய் செருகிய கண்ணாடி ஜாடியும், கெட்டிப்படுத்தும் கரைசல் புட்டியும் ஜெசிந்தாவின் மடியில். பதினோரு கிலோ பம்பு சாக்கில் சுற்றி முருகேசன் தோளில். சுழல் இயந்திரத்தையும் தூக்க முடியாது என்று விட்டுவிட்டார்கள். வடிப்பதற்கு ஏதாவது வழி செய்துகொள்ளலாம் என்று துணிவு. எனக்குக் குடை கிடைத்தது. நானும் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு நேரம் இல்லை.

10.35க்குப் பழனிப் பேருந்து. ஒட்டன்சத்திரம் 32 கிலோமீட்டர், 11 ரூபாய். சாக்குக்குத் தனியாக 5 ரூபாய் கேட்ட நடத்துனர், குனிந்து தொட்டுப் பார்த்தார்.

“என்னண்ணே, கெணத்து மோட்டாரா?”

“எலும்புக்குள்ள இருந்து காத்து எடுக்கிற மோட்டாரு” என்றார் முருகேசன்.

“யாரு எலும்பு?”

“அது இன்னும் முடிவாகல.”

நடத்துனர் என்னைப் பார்த்தார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு அவர் எங்கள் வரிசைப் பக்கம் வரவே இல்லை.

கார்த்திகை மாதம். பேருந்தில் பாதிப்பேர் மாலை போட்ட ஐயப்பசாமிகள். ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் இடது பக்கம் கன்னிவாடி மலையில் மேகம் இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் மக்காச்சோளம், முருங்கைத் தோட்டங்கள். இந்த 32 கிலோமீட்டரை இதற்கு முன் பலமுறை தூங்கியே கடந்திருக்கிறேன். விழித்திருந்து பார்க்கலாம், தப்பில்லை. 11.40க்கு ஒட்டன்சத்திரத்தில் இறங்கி, சந்தைக்கு நடந்து, மண்டியைக் கண்டுபிடித்து, தராசுக்குப் பக்கத்துச் செருகியில் பம்பைச் செருகியபோது மணி 11.58.

சரியாக இரண்டு நிமிடம் ஓடியது.

மயில்சாமி முப்பது வயது தாண்டாத மெலிந்த மனிதர். தலையில் சும்மாடு, வாயில் வெற்றிலை. உண்மையாகவே வருத்தப்பட்டார். “கேட்டீங்க, இருந்துச்சுங்க. பன்னெண்டுக்குப் போயி ரெண்டுக்குத்தான் வருமுங்க. அது தெனமும் போறதுதானுங்களே, அதக் கேப்பீங்கன்னு தெரியாதுங்க” என்றார். குற்றம் சொல்ல வழியில்லை.

இரண்டு மணிக்கு வந்தாலும் வேலை முடிய நாலு தாண்டிவிடும். ஜெசிந்தா வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து குடுவையின் வெப்பத்தைப் பார்த்தார். நாற்பத்தாறு பாகை. நாற்பதுக்குக் கீழே போனால் கரைசல் உறைந்து கூழாகிவிடும். பிறகு முருகேசன் எதிர் வரிசை சைக்கிள் கடையைப் பார்த்தபடியே கேட்டார்.

“மேடம், சைக்கிள் பம்புல தோல் வாஷரத் திருப்பிப் போட்டா, காத்த அடிக்காது, இழுக்கும்ல?”

இழுக்கும். பள்ளியில் படித்ததுதான், எனக்கும் நினைவுக்கு வந்தது. சைக்கிள் கடைக்காரர் அறுபது வயதுக்காரர், விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பம்பைக் கழற்றிக் கிண்ணம் போன்ற அந்தத் தோலைத் தலைகீழாக மாட்டி, எண்ணெய் தடவிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்தார். “நாப்பது வருசமா எல்லாத்துக்கும் காத்து அடிச்சுத்தானுங்க குடுத்திருக்கேன். எடுக்கோணும்னு வந்தது நீங்கதான்” என்றார்.

தேநீர்க் கடையில் வெந்நீர் வாங்கி ஒரு குண்டாவில் ஊற்றி, கண்ணாடி ஜாடியை அதற்குள் வைத்தார்கள். உள்ளே கரைசல், கரைசலில் எட்டுத் துண்டுகள். முருகேசன் பம்பை மேலே இழுப்பார். ஒவ்வொரு இழுப்பு முடிந்ததும் ஜெசிந்தா ரப்பர் குழாயை விரலால் நசுக்கிப் பிடிப்பார், காற்று திரும்பிப் போகாமல் இருக்க. பத்தாவது இழுப்பில் துண்டுகளிலிருந்து குமிழ் வர ஆரம்பித்தது. முதலில் பெரிது பெரிதாக, பிறகு ஊசி முனை அளவில். நானும் மாற்றி மாற்றி இழுத்தேன். மண்டியில் சரக்கு இறக்க வந்த லாரிக்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவர் மீன் வளர்க்கிறீர்களா என்று கேட்டார். நாற்பது நிமிடம் ஆனபோது குமிழ் நின்றது. குழாயைத் திறந்ததும் காற்று உஸ்ஸென்று உள்ளே போக, துண்டுகள் கரைசலை உறிஞ்சிக்கொண்டன. பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி வடிப்பது. ஜெசிந்தா ஒரு துண்டை எடுத்து உதறினார், ஊதினார், விரலால் சுண்டினார். சன்னல்களில் ஜெலட்டின் சவ்வுபோல நின்றது. குளிர்ந்தால் அப்படியே இறுகிவிடும். அறுபது கிலோ தாங்கும், எதற்கும் உதவாத அம்மிக்கல். அதை ஜாடியில் திரும்பப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்து அதையும் உதறினார். அதுவும் அப்படியே.

மயில்சாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“ஏனுங்கம்மா, கவண்ல வெச்சுச் சுத்துனா ஒட்டிட்டு நிக்குமுங்களா?”

அவர் வீட்டில் சோளம் போடுகிறவர்கள். கதிர் முற்றும் பருவத்தில் பரண்மேல் நின்று கவண் சுற்றிக் கிளி விரட்டியவர். சுழல் இயந்திரம் செய்வதும் அதைத்தான் என்று ஜெசிந்தாவுக்கு உடனே புரிந்தது, எழுந்தே விட்டார். பூண்டு அடைத்து வரும் வலைப்பை ஒன்று, சாக்குத் தைக்கும் சணல் கொஞ்சம். ஒரு துண்டைப் பையில் போட்டு முடிந்து மயில்சாமி தலைக்குமேல் சுற்றினார். எதிர் மண்டியிலிருந்து ஒரு குரல், “மயிலு, பீட்ரூட்டத் திங்கற கிளி எங்கடா கண்ட?” அவர் திரும்பிச் சிரித்த நேரம், வலையின் ஒரு கண் அறுந்து துண்டு பறந்துபோய் லாரிச் சக்கரத்தில் பட்டுப் பொடியானது.

சிரிப்பு நின்றது. மிச்சம் ஏழு. வேண்டியது ஆறு.

மயில்சாமி அந்தப் பொடியைக் குனிந்து கையில் அள்ளிக்கொண்டு வந்து நீட்டினார். இனி நான் தொடவில்லை, மச்சானே சுற்றட்டும் என்று முருகேசனைக் காட்டினார். முருகேசனுக்குச் சுற்றத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஜெசிந்தா அந்தப் பொடியை வாங்கி ஒரு காகிதத்தில் மடித்து வைத்தார்.

“பை அறுந்துச்சு, நீங்க அறுக்கல. ரெட்டப் பை போட்டுக்கங்க. சுத்துற கை ஒரே கையா இருக்கணும், ஆள மாத்துனா கணக்கு மாறிரும்.”

அடுத்த துண்டு இரட்டை வலைக்குள் போனது. இந்தத் தடவை யாரும் கிண்டல் செய்யவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் தாங்களாகவே நகர்ந்து இடம் விட்டார்கள். ஜெசிந்தா கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்: பத்து விநாடிக்கு இருபது சுற்று. மண்டியில் இருந்த அளவுநாடாவால் கயிற்றை அளந்தார்: 90 சென்டிமீட்டர். முப்பது விநாடி. பிறகு துண்டை எடுத்து மேலே ஒரு சொட்டு நீர் விட்டார். சொட்டு நிற்காமல் அடியில் இறங்கியது. அவர் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து என்னிடம் கொடுத்தார். வரிசையாகச் சன்னல்கள், ஒவ்வொன்றின் வழியாகவும் ஒட்டன்சத்திரத்து வானம்.

ஏழையும் முடித்தார்கள். மயில்சாமியின் தோள் நனைந்திருந்தது. பாதி வியர்வை, பாதி ஜெலட்டின். ஒன்றில் மட்டும் நீர் இறங்கவில்லை, அதை ஒதுக்கினார்கள். சரியாக ஆறு துண்டுகள் 2.25க்குக் கெட்டிப்படுத்தும் கரைசல் இருந்த புட்டிக்குள் போயின. இவை எந்த உடம்புக்குள்ளும் போகப்போவதில்லை, நசுக்கிப் பார்க்க மட்டும்தான் என்பதை வாசகர்களுக்காக எழுதி வைக்கிறேன். உடம்புக்குள் போகிறவற்றைச் சந்தையில் செய்ய மாட்டார்கள்.

சந்தைக்குப் பின்னால் உள்ள சாப்பாட்டுக் கடையில் அளவில்லாச் சாப்பாடு 25 ரூபாய். அன்று இறங்கிய காய்தான் வெஞ்சனம். அவரைக்காய்ப் பொரியலை மூன்று முறை வாங்கினேன். மயில்சாமி சாப்பிட வரவில்லை. வண்டி ஏறும்வரை புட்டியைப் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காத்தார். பதினோரு கிலோ பம்பு அவர் மண்டியிலேயே தங்கியது.

3.20க்குக் கோவைப் பேருந்து, பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழி, 42 ரூபாய். பழனியில் கூட்டம் ஏறி நின்றது. ஜெசிந்தா புட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உடுமலை வரை அசையவில்லை. கைக்குழந்தை என்று நினைத்து ஒரு அம்மாள் எழுந்து இடம் தந்திருந்தார். விஷயம் தெரிந்த பிறகும் திரும்பக் கேட்கவில்லை. 7.15க்குக் கோவை. ஜெசிந்தா தன் தோழி வீட்டுக்குப் போனார். முருகேசனும் நானும் காந்திபுரத்தில் ஒரு விடுதியில் 180 ரூபாய்க்கு அறை எடுத்தோம்.

மறுநாள் பத்து மணி. சோதனைக்கூடத்தின் இயந்திரம் இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே துண்டை வைத்து மெதுவாக அழுத்துகிறது. எண்கள் ஓடும். முதல் துண்டு 41. இரண்டாவது 38. மூன்றாவது 29இல் போனது. முருகேசன் எழுந்து வெளியே போய்விட்டார். நான்காவது 44. ஐந்தாவது 40. நான்கு ஆகிவிட்டது. ஆறாவதைப் பார்க்க அவரைப் போய்க் கூட்டிவந்தேன்: 36. எண்ணைவிட ஜெசிந்தா பார்த்தது வேறு. பழைய துண்டுகள் பொடியாகித் தட்டிலிருந்து ஊதிவிடும்படி ஆகுமாம். இவை விரிசல் விட்ட பிறகும் ஒன்றாகவே இருந்தன. நசுங்கிய துண்டை விரல்களுக்கிடையே வைத்து அழுத்திப் பார்த்தார். “விடல பாருங்க சார்” என்றார், இரண்டு தடவை.

இயந்திரத்தை இயக்கியவர் படிவம் ஒன்றை நீட்டினார். தயாரித்த முறை என்ற இடத்தில் ஜெசிந்தா கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினார்: கையால் சுழற்றியது, ஆரம் 90 செ.மீ., நிமிடத்துக்கு 120 சுற்று, 30 விநாடி. எழுதுகிறவர் பொய் சொல்லவில்லை என்பதற்கு நான் சாட்சி.

இனி இந்த வழியில் போகிறவர்களுக்கு. திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரத்துக்கு எந்நேரமும் பேருந்து உண்டு. பழனி வண்டி எல்லாம் நிற்கும். சந்தையைப் பார்க்கக் காலையில் போங்கள், மதியத்துக்குமேல் கேரள லாரிகளில் சரக்கு ஏற்றும் அவசரத்தில் ஒருவரும் முகம் கொடுக்க மாட்டார்கள், நீங்கள் எதையாவது சுற்றிக் காட்டினால் தவிர. கார்த்திகை, மார்கழியில் பழனி வழியில் உட்கார இடம் எதிர்பார்க்காதீர்கள். ஆய்வகம் பார்க்க விரும்புகிறவர்கள் முன்கூட்டிக் கடிதம் எழுதுங்கள், தேர்வு நாட்களைத் தவிருங்கள். தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலுக்கும் போவதாக இருந்தேன், போகவில்லை. ஆகவே அதைப்பற்றி எழுதவில்லை. நாளிதழின் அடியில் இருக்கும் சின்னக் கட்டங்களையும் படியுங்கள். அவற்றை அங்கே தள்ளியவனின் வேண்டுகோள் இது.

பேருந்து, சாப்பாடு, அறையில் என் பங்கு எல்லாம் சேர்த்து மொத்தம் 342 ரூபாய், மதுரை திரும்பியது உட்பட. இதில் ஒரு ரூபாய்கூட வீண் என்று தோன்றவில்லை. பலம் என்றால் அடைத்துக்கட்டுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எவ்வளவு உள்ளே விடுவது, எவ்வளவு வெளியேற்றுவது என்பதில் ஒருவர் மூன்று வருடம் செலவழித்திருப்பதை அருகிலிருந்து பார்த்தது நல்லது.

ஜனவரி கடைசியில் குழுவின் கடிதம் வந்ததாக ஜெசிந்தா தொலைபேசியில் சொன்னார். ஆய்வு இன்னும் இரண்டு வருடம் தொடரலாம். ஒரே நிபந்தனை: அதே முறையில், அதே கையால், இன்னும் பன்னிரண்டு துண்டுகள் ஆய்வகத்திலேயே செய்து காட்ட வேண்டும். முருகேசன் அன்றே ஒட்டன்சத்திரத்துக்குப் பேசியிருக்கிறார். மயில்சாமி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கேட்ட கேள்வி ஒன்றுதான்.

“அந்த ரூம்புல மேல கூரை எத்தன ஒசரம் இருக்குமுங்க மச்சான்?”